டெஸ்க்டாப்ல டெலிட் ஆகாத ஃபைல்: டூல் எதையும் இறக்குறதுக்கு முன்னாடி

சர்வீஸுக்கு வர்ற கம்ப்யூட்டர்கள்ல அடிக்கடி பார்க்குறேன். டெஸ்க்டாப்ல ஒரு ஃபைல் அழியலன்னு கூகுள்ல தேடி, முதல்ல கண்ணுல பட்ட இலவச டெலிட் டூலை இறக்கிப் போட்டிருப்பாங்க, ஃபைல் போச்சோ இல்லையோ பிரவுசர் ஹோம்பேஜ் மாறி, எங்க பார்த்தாலும் விளம்பரம் வந்து, கடைசில விண்டோஸையே புதுசா போட வேண்டிய நிலைமை. அதுலயும் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்கன்னு ஒரு டூல் சொன்னா தயவுசெஞ்சு அப்பவே மூடிடுங்க.

ஏன் அழியலங்கறதை விண்டோஸே ஒரு பெட்டில சொல்லுது, நாமதான் படிக்காம கேன்சல் அடிச்சிடுறோம்.

ஃபைல் வேற புரோகிராம்ல ஓப்பனா இருக்குன்னு வந்தா, அந்த புரோகிராம் பேரும் பெரும்பாலும் அதுலயே இருக்கும். வீடியோ ஃபைல்னா நிறைய தடவை காம் சரகேட்னு வரும், பயப்படாதீங்க, அது வைரஸ் இல்ல, சின்ன படம் காட்டுறதுக்காக விண்டோஸே ஃபைலைத் திறந்து வச்சிருக்கு, டாஸ்க் மேனேஜர்ல விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, பல தடவை அதுலயே விட்டுடும். பேர் வரலன்னா ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து, சிபியூ டேப்ல அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்னு இருக்கற இடத்துல ஃபைல் பேரை டைப் பண்ணுங்க, யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு வந்துடும். இது விண்டோஸ் கூடவே வர்றது, எதையும் இறக்க வேண்டாம்.

ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணியும் போகலன்னு நிறைய பேர் சொல்றாங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன்ல சிஸ்டத்தோட ஒரு பகுதி அப்படியே சேமிச்சு வச்சு திரும்ப வருது, அதனால ரீஸ்டார்ட் கொடுங்க, அதுதான் முழுசா புதுசா ஆரம்பிக்கும்.

ரொம்ப குழப்புறது இன்னொண்ணு இருக்கு. ஒரு கடையோட பில்லிங் சிஸ்டத்துல ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, டெலிட் அடிச்சா அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு வருது. உத்துப் பார்த்தா பேரோட கடைசில ஒரு புள்ளி. விண்டோஸ் பேரை எடுக்கும்போது கடைசில இருக்கற புள்ளியையும் ஸ்பேஸையும் தானா வெட்டிடும், அப்புறம் வெட்டின பேர்ல தேடினா எப்படி கிடைக்கும்? கமாண்ட் பிராம்ப்ட்ல டெல் (del) கமாண்டுக்கு அப்புறம் \\?\ இந்த எழுத்துகளைப் போட்டு, சி டிரைவ்ல இருந்து முழு பாத்தையும் (ஃபைல் இருக்கற இடத்தோட முகவரி) அந்தப் புள்ளியோட சேர்த்து, எல்லாத்தையும் மேற்கோளுக்குள்ள கொடுத்தோம், உடனே போயிடுச்சு. ஃபைல் பேரை ரெண்டு தடவை சரிபார்த்துட்டு என்டர் அடிங்க, இப்படி அழிச்சா ரீசைக்கிள் பின்ல இருக்காது.

அட்மின் பர்மிஷன் கேட்டா அது எல்லா யூசருக்கும் பொதுவான பப்ளிக் டெஸ்க்டாப்ல இருக்கற ஐகானா இருக்கலாம், அட்மின் பாஸ்வேர்ட் போட்டா போயிடும். ஆனா டிரஸ்டட் இன்ஸ்டாலர் கிட்ட பர்மிஷன் வாங்குன்னு வந்தா அது விண்டோஸோட சொந்த ஃபைல், ஓனர்ஷிப்பை மாத்தி அழிக்கப் போகாதீங்க, சிஸ்டம் பூட் ஆகாமலே போயிடலாம்.

அழிச்சதுக்கு அப்புறமும் அதே ஃபைல் திரும்பத் திரும்ப வந்தா நான் சந்தேகப்படுறது மால்வேரைத்தான். ஃபைல்களை இன்டர்நெட்ல சேமிச்சு வைக்கற ஒன்டிரைவோட சிங்க்கும் இப்படி செய்யலாம், அதை முதல்ல பார்த்துடுங்க. அது இல்லன்னா டாஸ்க் ஷெட்யூலர்லயும் (குறிச்ச நேரத்துல புரோகிராமைத் தானா ஓட்டுறது) ஸ்டார்ட்டப் ஆப்ஸ்லயும் தெரியாத பேர் ஏதாவது இருக்கான்னு பாருங்க, அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்க. மெஷின் ரீஸ்டார்ட் ஆகித்தான் ஸ்கேன் ஆரம்பிக்கும், அதனால திறந்திருக்கற வேலையெல்லாம் சேவ் பண்ணிட்டு ஓட்டுங்க.