எஃகில் பூத்த கிராம்பு

பழைய ஒசஃபுனே வாள் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வெட்டுவாயை ஒட்டி வெண்மையான ஒரு வரி ஓடுவது தெரியும். மொட்டுகள் நெருக்கியடித்து நிற்பது போல அது ஏறி இறங்கும். இந்த வடிவத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சோஜி’. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்புதான் அது. இந்த மொட்டுகளை யாரும் உளியால் செதுக்கவில்லை. வாளைத் தண்ணீரில் தோய்த்த சில நொடிகளில் எஃகுக்குள் நடந்ததன் தடம் இது.

ஒகயாமா மாநிலத்தில் யோஷீ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் ஒசஃபுனே. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிட்சுதாதா என்ற கொல்லர் இங்கே தொடங்கிய பரம்பரை, மகன் நாகமிட்சு, பேரன் காகேமிட்சு என்று வளர்ந்தது. தாத்தாவின் கிராம்பு மொட்டுகள் பெரியவை. பேரனின் வாளிலோ அவை ஒருபக்கம் சாய்ந்து ரம்பப் பல் போல ஆகிவிட்டன.

சரி, மொட்டு எப்படி வருகிறது? தோய்ப்பதற்கு முன் வாள் முழுவதும் களிமண் குழம்பு பூசுவார்கள். முதுகில் தடிப்பாக, வெட்டுவாயில் மெல்லிசாக. மெல்லிசாகவாவது எதற்குப் பூச வேண்டும், வெற்று இரும்பு இன்னும் வேகமாகக் குளிராதா என்று தோன்றும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே வற்றாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்போம். அடியில் உண்டாகும் நீராவி துளியைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. வெற்று வாளையும் அப்படித்தான் ஆவி போர்த்திக்கொள்ளும். மெல்லிய மண் பூச்சு அந்தப் போர்வையைச் சீக்கிரம் கலைத்துவிடுவதால், வெட்டுவாய் இன்னும் வேகமாகக் குளிர்கிறது!

பழுக்கக் காய்ந்த எஃகில் கரிம அணுக்கள் இரும்பணுக்களுக்கு நடுவே தாராளமாக உலவும். மண் தடிப்பாக இருக்கும் முதுகுப்பக்கம் மெதுவாகக் குளிர்வதால், அவை பிரிந்து ஒதுங்க நேரம் கிடைக்கிறது. அங்கே உருவாவது அடியைத் தாங்கும் பெர்லைட். வெட்டுவாயில் அந்த அவகாசம் இல்லை. கரிமம் இருந்த இடத்திலேயே சிக்கி, படிகம் விறைத்து, மிகக் கடினமான மார்ட்டென்சைட் ஆகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் நாம் பார்க்கும் வரி. மார்ட்டென்சைட்டுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதால் வெட்டுவாய் விரிந்து, வாளையே முதுகுப்பக்கம் வளைக்கிறது. வாளின் அழகான வளைவில் ஒரு பங்கு இப்படித் தண்ணீருக்குள் பிறப்பதுதான்.

இன்றைய கொல்லர்கள் வெட்டுவாய்க்குக் குறுக்கே மெல்லிய மண் கோடுகளும் இழுக்கிறார்கள். அவற்றின் அடியில் எஃகு கொஞ்சம் மென்மையாகவே நின்றுவிடும். சண்டையில் வாய் சிதறினால், சிதறல் அந்த மென்மையான கீற்றோடு நின்றுபோகும். அழகும் பாதுகாப்பும் ஒரே கோட்டில்!

ஒசஃபுனேயின் உண்மையான கைத்திறன் சூட்டைக் கணிப்பதில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். சுமார் 750 டிகிரியைத் தாண்டி எவ்வளவு ஏற்றுகிறோமோ, அவ்வளவுக்குப் படிகம் பருக்கும். புகழ்பெற்ற வாள் கொல்லர் மசாமுனேயின் சகாமி மரபில் சூடு அதிகம். அதனால் அங்கே மணல் மணலாக மின்னும் ‘நியே’. ஒசஃபுனேயில் சூடு குறைவு. துகள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் மூட்டமாகப் படியும் ‘நியோய்’. வெப்பமானி இல்லாத காலத்தில், இருட்டிய பட்டறையில் எஃகின் நிறத்தை மட்டும் பார்த்து இதைச் சாதித்தார்கள். அந்த வரிக்கு மேலே நிழல் போல இன்னொரு வெண்மை எழும்பும். அதுதான் ‘உட்சுரி’, பழைய பிசென் (ஒசஃபுனே இருக்கும் பகுதியின் பழைய பெயர்) வாள்களின் அடையாளம்.

நாகமிட்சு செய்த ஒரு வாளுக்கு முரோமாச்சி காலத்தில் (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) 600 கான் காசு விலை போட்டார்கள். ஒரு கான் என்பது ஆயிரம் காசு. மகாபிரஜ்ஞாபாரமித சூத்திரம் என்ற பௌத்த நூலும் 600 சுருள்கள் கொண்டது. அதன் ஜப்பானியப் பெயரான ‘தாய்ஹன்யா’வே வாளுக்கும் பெயரானது. ஜப்பானின் பெரும் போர்த்தலைவர்களான நொபுனாகா, இயெயாசு கைகளைக் கடந்து வந்த அந்த வாள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை. காட்சியில் இருக்கும்போது நேராக நின்று பார்த்தால் வெறும் பளபளப்பு. கொஞ்சம் குனிந்து, முழங்காலை மடக்கி, விளக்கின் ஒளி அலகின்மேல் நகரும்படி பார்க்க வேண்டும். அப்போது முதலில் கிராம்புகள் தெரியும், அப்புறம் அவற்றுக்கு மேலே அந்த மூட்டம்.