டாம்கேட் தொங்கினால் ரீஸ்டார்ட் அடிப்பதற்கு முன்பு

ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வரான டாம்கேட் தொங்கிவிட்டால் உடனே ரீஸ்டார்ட் அடிக்காதீர்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஏன் என்றும் புரிகிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, சம்பள நாள், சம்பளச் சீட்டு பார்க்க ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மொபைலைத் திறக்கிறார்கள், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார், ரீஸ்டார்ட் அடித்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அந்த நிலையில் வேறு எதைச் செய்யத் தோன்றும்? ஆனால் ஏன் தொங்கியது என்பதற்கான தடயம் முழுவதும் அந்த ப்ராசஸின் மெமரியில்தான் இருந்தது. ரீஸ்டார்ட் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அடுத்த மாதம் அதே நாளில் அதே ஃபோன் வரும்.

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை பக்கம் படிப்பை முடித்துவிட்டு முதல் வேலையாக இப்படி ஒரு ஜாவா சர்வரைக் கையில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரவுசரிலிருந்து வரும் ஒரு கோரிக்கை எந்தெந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று தெரிந்துவிட்டால், பிரச்சினை வரும்போது அது எந்த வாசலில் நின்றது என்று மட்டும் கேட்டால் போதும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டாம்கேட்டை சன் நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதத் தொடங்கினார், 1999இல் அது அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பிடம் வந்தது. அதற்குள் மூன்று பெரிய பாகங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்கி எச்டிடிபியைப் பிரித்துப் படிப்பது கொயோட்டி. அந்தக் கோரிக்கையை எந்தச் சர்வ்லெட்டிடம், அதாவது பதில் தயாரிக்கும் எந்த ஜாவா கிளாஸிடம், கொடுப்பது என்று முடிவுசெய்து ஓட்டுவது கேட்டலினா. எச்டிஎம்எல்லுக்குள் ஜாவா கலந்து எழுதும் ஜேஎஸ்பி பக்கங்களை ஜாவா கோடாக மாற்றிக் கம்பைல் செய்வது ஜாஸ்பர். டாம்கேட்டின் கான்ஃபிகரேஷன் ஃபைலான சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் இந்த வழி ஹோஸ்ட் வரை அப்படியே தெரியும்: கனெக்டர், அப்புறம் எஞ்சின், அதற்குள் ஹோஸ்ட், அதற்குள் கான்டெக்ஸ்ட், அதாவது உங்கள் அப்ளிகேஷன். கான்டெக்ஸ்டுக்குள் போன பிறகு, கோரிக்கையைச் சர்வ்லெட்டுக்கு முன்பே பார்க்கும் ஃபில்டர்கள் வரிசையாக வரும், கடைசியில்தான் சர்வ்லெட்.

முதல் வாசல் போர்ட், அதாவது சர்வர் எந்த எண்ணில் இணைப்புகளுக்காகக் காத்திருக்கிறதோ அந்த எண். பிரவுசர் எடுத்த எடுப்பில் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்றால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க யாருமே இல்லை என்று அர்த்தம். டாம்கேட் எழவில்லை, அல்லது வேறு போர்ட்டில் எழுந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் முகவரியை 127.0.0.1 என்று கட்டிவைத்திருக்கிறார்கள், அதனால் சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் வருகிறது, பக்கத்து மேசையிலிருந்து பார்த்தால் வரவில்லை. மறுப்பும் இல்லாமல் பதிலும் இல்லாமல் நீண்ட நேரம் கழித்து டைம்அவுட் ஆனால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது முற்றிலும் வேறு நோய். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அடுத்த வாசலில் கொயோட்டி கோரிக்கையைப் படிக்கிறது, பிடிக்காவிட்டால் 400, அதாவது 'கோரிக்கை தவறு', என்று திருப்பி அனுப்புகிறது. லாகில் 'மெத்தட் பெயரில் தவறான எழுத்து' என்ற மாதிரி ஒரு வரியும், பக்கத்தில் ஹெக்ஸில் 16, 03, 01 என்று பைட்டுகளும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், யாரும் சர்வருக்குள் புகுந்துவிடவில்லை. எச்டிடிபிஎஸ் பேச வந்த ஒருவர் சாதாரண எச்டிடிபி போர்ட்டில் வந்து மோதியிருக்கிறார். எச்டிடிபிஎஸுக்கு அடியில் இருக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல் தொடங்குவதே அந்தப் பைட்டுகளில்தான். இன்னொரு 400 நம் ஊருக்கே உரியது: முகவரிக்குள் தமிழை அப்படியே போட்டு அனுப்புவது. பிரவுசர் தானாகவே தமிழைச் சதவீதக் குறியாக மாற்றி அனுப்பிவிடும். யாரோ எழுதிய எஸ்எம்எஸ் ஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது. 2016இன் கடைசியிலிருந்து வந்த பதிப்புகளில் டாம்கேட் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டது, மாற்றாத எழுத்து ஒன்று இருந்தாலும் ஏற்காது. அனுப்பும் இடத்தில் திருத்துவதுதான் சரி.

404, அதாவது 'கேட்டது இங்கே இல்லை', வந்தால் முதலில் அது யாருடைய 404 என்று பாருங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கையை வாங்கி டாம்கேட்டுக்குக் கடத்தும் வெப் சர்வர்) இருந்தால் அதன் பக்கம் ஒரு மாதிரி இருக்கும், டாம்கேட்டின் பக்கம் வேறு மாதிரி இருக்கும், உங்கள் அப்ளிகேஷனே காட்டும் பக்கம் மூன்றாவது மாதிரி. டாம்கேட்டின் 404 என்றால், முகவரி தப்பு என்பதைவிட, அந்த அப்ளிகேஷனே எழவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். டாம்கேட்டின் பொது லாகான கேட்டலினா.அவுட் ஃபைலில் 'ஏதோ ஒரு லிசனர் தொடங்கவில்லை, விவரத்தை உரிய கன்டெய்னர் லாகில் பார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதோடு நின்றுவிட்டு கூகுளில் தேடப் போகிறார்கள். அந்த உரிய லாக் பக்கத்திலேயே இருக்கிறது, லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் தேதியுமாக. அதைத் திறந்தால் எந்தக் கிளாஸ், எந்த வரி என்று முழுவதும் இருக்கும்.

டாம்கேட் 9இல் நன்றாக ஓடிய வார் ஃபைலை (அப்ளிகேஷனை மொத்தமாகக் கட்டிவைத்த ஃபைல்) 10இல் போட்டதும் 404 வருகிறதா? 10இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ்கள் எல்லாம் ஜகார்த்தா என்று பெயர் மாறிவிட்டன. பழைய பெயரில் குறித்த சர்வ்லெட்டை அது சர்வ்லெட்டாகவே பார்க்காது. சில சமயம் எந்த எர்ரரும் காட்டாமல் கடந்து போய்விடும், அதுதான் குழப்பம். வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்று ஒரு டைரக்டரி உருவாக்கி வார் ஃபைலை அதில் போட்டால் டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும். நீண்ட காலத்துக்கு, ஜாவா கோடிலேயே அந்தப் பெயர்களை மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம் கான்ஃபிகரேஷன். 'சர்வர்.எக்ஸ்எம்எல்லில் மாற்றினேன், எதுவுமே மாறவில்லை' என்றால் பத்தில் ஒன்பது முறை மாற்றியது வேறு ஃபைலாக இருக்கும். டாம்கேட்டில் ஹோம் என்பது ப்ரோகிராம் இருக்கும் இடம், பேஸ் என்பது இந்த ஓட்டத்துக்கான கான்ஃபிகரேஷன் இருக்கும் இடம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊகிக்கத் தேவையில்லை: ஓடும் ப்ராசஸின் கமாண்ட் வரியில் கேட்டலினா.பேஸ் என்று தேடினால் உண்மையான பாதை அங்கேயே எழுதியிருக்கும். மெமரி அளவை வைக்கும் செட்என்வ் ஃபைல் டாம்கேட்டோடு வராது, 'பின்' (bin) என்ற டைரக்டரியில் நாமே உருவாக்க வேண்டும், இல்லையே என்று கேட்டலினா ஸ்கிரிப்டைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும். உபுண்டுவின் டாம்கேட் 9 பேக்கேஜில் இன்னொரு பொறி உண்டு. லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அதை ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுகிறது, அதனால் அப்லோட் டைரக்டரிக்கு எல்லா அனுமதியும் கொடுத்த பிறகும் 'படிக்க மட்டும்' என்று எர்ரர் வரும். சர்வீஸின் ஓவர்ரைடில் அந்தப் பாதையை எழுத அனுமதிக்கும் பட்டியலில் சேர்த்தால்தான் தீரும்.

இனி தமிழ் உடைவது. இதை அவசரமாகக் கடக்க மனமில்லை, ஏனென்றால் உடைவது மனிதர்களின் பெயர்கள், அதுவும் மதிப்பெண் பட்டியலிலும் நோயாளி பதிவிலும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானதும் எத்தனையோ படிவங்களில் மாவட்டப் பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது. இப்படித் தமிழ்ப் பெயர்களைக் கையால் சேர்க்கும் இடங்களில்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'வேலூர்' என்பது யூனிகோடில் ஆறு குறி, ஆக 18 பைட், முகவரியில் சதவீதக் குறியோடு போனால் 54 எழுத்து. இந்தப் பைட்டுகளை, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய லத்தீன்-1 முறை என்று நினைத்து ஒவ்வொன்றாகப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏயும் (à), வட்டத்துக்குள் ஆங்கில ஆரும் (®) திரும்பத் திரும்ப வரும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று, அதனால்தான் உடைந்த தமிழ் எப்போதும் ஒரே சாயலில் இருக்கிறது.

முகவரியில் வரும் தமிழை டாம்கேட் 8 முதல் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது, 7 வரை லத்தீன்-1. ஆனால் படிவத்தில் போஸ்ட் செய்து வரும் தமிழுக்கு இது பொருந்தாது. 9 வரை கேரக்டர் என்கோடிங்கை நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் எந்தப் பாராமீட்டரையும் படிப்பதற்கு முன்பு. டாம்கேட்டிலேயே இதற்கென ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதை ஃபில்டர் வரிசையில் முதலாவதாக வைக்க வேண்டும். முன்னால் நிற்கும் லாகின் ஃபில்டர் ஒரு பாராமீட்டரைத் தொட்டுவிட்டாலும் எல்லாம் அப்போதே லத்தீன்-1 ஆகிவிடும், பிறகு என்ன சொன்னாலும் பலன் இல்லை.

லத்தீன்-1 ஆக உடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியும், பைட் எதுவும் தொலைவதில்லை. விண்டோஸ்-1252 என்ற எழுத்து அட்டவணைப்படி உடைந்தால் அப்படி இல்லை. அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி, ஜாவா அங்கே வந்த பைட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு மாற்றுக் குறி வைத்துவிடுகிறது. அந்தக் காலி இடங்களில் விழுபவை எவை தெரியுமா? மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் எத்தனை பெயர் எழுத முடியும்? ஜாவா 18க்கு முந்திய பதிப்புகளில், ஆங்கில விண்டோஸ் மெஷினில், என்கோடிங் சொல்லாமல் ஃபைலைப் படித்தால் இதுதான் நடக்கும். ஆகவே கோடில் பைட்டை எழுத்தாக மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். டேட்டாபேஸில் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிப்பாகியிருந்தால் அதற்கும் மருந்து கிடையாது, மூலத்திலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். 502 என்றால் பின்னால் டாம்கேட் இல்லை, அல்லது பேச்சை நடுவில் துண்டித்துவிட்டது. 504 என்றால் டாம்கேட் இருக்கிறது, ஆனால் பதில் வரவில்லை, என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 504தான் நம் ஆம்பூர் சம்பள நாள்.

அங்கே என்ன நடக்கிறது? காட்பாடி ஜங்ஷன் டிக்கெட் கவுண்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டாம்கேட்டில் 200 கவுண்ட்டர், அதாவது ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் 200 த்ரெட், அதுதான் மேக்ஸ்த்ரெட்ஸ் என்ற செட்டிங். உள்ளே மொத்தம் 8192 பேருக்கு இடம், வாசலுக்கு வெளியே ஏறத்தாழ இன்னொரு 100 பேர். இவை நாம் எதையும் மாற்றாதபோது இருக்கும் அளவுகள். 200 கவுண்ட்டரும் அடைபட்டாலும் வருகிறவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை, உள்ளே விட்டு நிற்கவைக்கிறார்கள். அதனால்தான் எர்ரர் வராமல் பக்கம் சுற்றுகிறது. கணக்கு எளிது: ஒரு கோரிக்கைக்கு 0.2 விநாடி என்றால் 200 த்ரெட் விநாடிக்கு 1000 பேரை அனுப்பும். அதே கோரிக்கை 10 விநாடி எடுத்தால் வெறும் 20 பேர். கூட்டம் கூடவே வேண்டாம், வேலை மெதுவானாலே போதும்.

ஏன் மெதுவாகிறது என்பதற்கு நான் அதிகம் பார்த்த பதில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன். டாம்கேட்டோடு வரும் பூலில் (கனெக்‌ஷன்களைத் திறந்துவைத்துக் கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் இடம்) நாம் எண் எதுவும் கொடுக்காவிட்டால் அதிகபட்சம் 8 கனெக்‌ஷன்தான், கிடைக்கும் வரை காத்திருக்கும் நேரத்துக்கு எல்லையே கிடையாது. கோடில் ஏதோ ஒரு மூலையில், எர்ரர் வரும் பாதையில் மட்டும், கனெக்‌ஷனை மூட மறந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முறை அந்த எர்ரர் வரும்போதும் ஒன்று தொலையும். எட்டும் தொலைந்ததும் 200 த்ரெட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் அங்கே நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். சிபியு சும்மா இருக்கும், மெமரி நிறைய இருக்கும், லாகில் ஒரு வரிகூட விழாது. இதைப் பார்த்துவிட்டு மேக்ஸ்த்ரெட்ஸை 500 ஆக்கினால் 500 த்ரெட் நிற்கும், வேறு எந்த மாற்றமும் இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் எட்டுக் கனெக்‌ஷனும் புதிதாகக் கிடைக்கும், மறுபடி எட்டும் தொலையும் வரை.

எனவே ரீஸ்டார்ட்டுக்கு முன்பு த்ரெட் டம்ப், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் இந்த நொடியில் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல். டாம்கேட் எந்த யூசரின் பெயரில் ஓடுகிறதோ அதே யூசராக, அதை எடுத்துத் தரும் ஜேஸ்டாக் கமாண்டை ஓட்டி ஒரு ஃபைலில் சேமியுங்கள், பத்து விநாடி விட்டு இன்னொரு முறை, அப்புறம் இன்னும் ஒரு முறை. ஜேஸ்டாக் இல்லாத இடத்தில் ப்ராசஸுக்கு கில் கமாண்டில் 3 என்ற சிக்னலை அனுப்பலாம், பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள், அது ப்ராசஸைக் கொல்லாது, டம்பைக் கேட்டலினா.அவுட்டிலோ சிஸ்டம்டியின் ஜர்னலிலோ எழுதிவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். மொத்தமே அரை நிமிட வேலை, அதை முடித்துவிட்டுத் தாராளமாக ரீஸ்டார்ட் அடியுங்கள், மேனேஜரும் நிம்மதியாகப் போவார்.

பிறகு டீ குடித்துவிட்டு ஃபைலைத் திறங்கள். எச்டிடிபி-நியோ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் த்ரெட்கள்தான் கோரிக்கைகளைச் சுமப்பவை. மூன்று டம்பிலும் அதே த்ரெட் அதே வரியில் நின்றால் அது அங்கேதான் மாட்டியிருக்கிறது. அந்த வரி பூலிலிருந்து கனெக்‌ஷன் வாங்கும் இடமா, டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கும் இடமா, வெளியில் இருக்கும் எஸ்எம்எஸ் சர்வருக்குப் போன அழைப்பா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் மெதுவான குவெரி, மூன்றாவது என்றால் டைம்அவுட் வைக்காத அழைப்பு. முதலாவது என்றால் பூலில் கைவிடப்பட்ட கனெக்‌ஷனைத் திரும்ப எடுக்கும் செட்டிங்கையும், அதை லாகில் எழுதும் செட்டிங்கையும் சேர்த்து ஆன் செய்யுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு எல்லை வையுங்கள். அடுத்த முறை ஒரு கனெக்‌ஷன் தொலையும்போது, அதை வாங்கிய கோடின் வரி எண்ணே லாகில் வந்து விழும். அந்த இடத்தில் கனெக்‌ஷனை ஜாவாவின் ட்ரை (try) என்ற சொல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் கொண்டுபோய்விட்டால், எர்ரர் வந்தாலும் வராவிட்டாலும் ஜாவாவே மூடிவிடும், ஜாவா 7 முதல் இந்த வசதி இருக்கிறது. மேக்ஸ்த்ரெட்ஸ் 200ஆகவே இருக்கட்டும்.