பிரேக்கர் விழல, ஆனா ரெண்டு ரூம்ல கரண்ட் இல்ல

பிரேக்கர் எல்லாம் இருக்கற பெட்டியை, அதாவது பேனலைத் திறந்து பார்த்தா ஒரு பிரேக்கர் கூட விழல, கிச்சன்ல ஃபிரிட்ஜ் ஜம்முன்னு ஓடுது, ஆனா பெட்ரூமும் பாத்ரூமும் மட்டும் கும்மிருட்டு. அமெரிக்காவுல மேனுஃபேக்சர்ட் ஹோம்ல இருக்கறவங்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஃபேக்டரியிலயே வீட்டைக் கட்டி, அடியில இரும்பு சேஸிஸ் வச்சு, ஹைவேல இழுத்துட்டு வந்து இறக்குற வீடு இது. 1976 ஜூன் 15-ல இருந்து செஞ்சதுக்கெல்லாம் அங்க மத்திய அரசோட வீட்டுவசதித் துறை (எச்.யு.டி.) போட்ட கட்டுமான விதி, எச்.யு.டி. கோடு உண்டு, அதுக்கு முந்தினதை மொபைல் ஹோம்னு சொல்லுவாங்க. கரண்ட் ஓடற விதி எல்லா வீட்டுக்கும் ஒண்ணுதான், ஆனா இங்க ஜாயிண்ட் போட்டிருக்கற விதம் வேற, கோளாறும் பெரும்பாலும் அங்கதான் உட்கார்ந்திருக்கும்.

பிரேக்கர் ஏன் விழல? அது விழணும்னா கரண்ட் அளவுக்கு மீறிப் போகணும். இங்க எங்கயோ ஒரு வயர் விட்டுப்போயி கரண்ட் போகவே இல்ல, அப்புறம் அது எதைப் பார்த்து விழும்? ஆனாலும் ஒரு தடவை தட்டிப் பார்த்துடுங்க, ஏன்னா ட்ரிப் ஆன கைப்பிடி பல பேனல்ல முழுசா ஆஃப் பக்கம் போகாம நடுவுல நிக்கும், தூரத்துல பார்த்தா ஆன் மாதிரியே தெரியும், அதை முழுசா ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆன் பண்ணணும்.

அடுத்தது ஜி.எஃப்.சி.ஐ., அதாவது டெஸ்ட், ரீசெட்னு ரெண்டு பட்டன் வச்ச பிளக் பாயிண்ட். கரண்ட் வர்ற ஹாட் வயர்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்றதும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். இதுல வம்பு என்னன்னா ஒரு பாத்ரூம்ல இருக்கற ஒரே ஜி.எஃப்.சி.ஐ. இன்னொரு பாத்ரூம், வெளிச்சுவர் பாயிண்ட், சில வீட்டுல தண்ணி பைப் உறையாம இருக்க தரைக்கு அடியில சுத்தியிருக்கற ஹீட் டேப்னு எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கும், அதனால வெளியில மழைத்தண்ணி இறங்கினா உள்ள ஹேர் ட்ரையர் ஓடாது. டவல், அலமாரி பின்னாடி எல்லாம் தேடி ரீசெட்டை அமுக்கிப் பாருங்க.

இதுலயும் சரியாகலன்னா உண்மையான தேடல் இங்கதான் தொடங்குது. ஒரு பிரேக்கர்ல இருந்து கிளம்பற கேபிள் ஒரு பாயிண்ட்டுக்கு வந்து, அங்கிருந்து அடுத்ததுக்குன்னு தாவித் தாவிப் போகும். அதனால எது எரியல எது எரியுதுன்னு வீடு முழுக்க குறிச்சுக்கிட்டா, கோளாறு அந்த வரிசையில கடைசியா உயிரோட இருக்கற பாயிண்ட்டுலயோ முதல்ல செத்த பாயிண்ட்டுலயோதான் இருக்கும், இல்லன்னா ரெண்டுக்கும் நடுவுல. செத்த பாயிண்ட்டையே கழட்டிக் கழட்டிப் பார்த்துட்டு, நல்லா வேலை செய்யுதேன்னு பக்கத்து ரூம் பாயிண்ட்டைத் தொடாம விட்டுடறதுதான் நிறைய பேர் பண்றது.

பிரேக்கரை ஆஃப் பண்ணி, டெஸ்டரை முதல்ல உயிரோட இருக்கற ஒரு பாயிண்ட்ல சரிபார்த்துட்டு, கழட்டப்போற பாயிண்ட்ல கரண்ட் இல்லன்னு அதால பார்த்துட்டு, அப்புறம் கழட்டுங்க. இந்த வீடுகள்ல பல பாயிண்ட்டுக்குப் பின்னாடி பாக்ஸே இருக்காது. வர்ற கேபிள், போற கேபிள் ரெண்டையும் உறை உரிச்சு பின்பக்க உலோகப் பிளவுக்குள்ள ஒரு டூலால அழுத்தியிருப்பாங்க, பிளவோட ஓரம் இன்சுலேஷனைக் கிழிச்சு காப்பரைக் கடிச்சுப் பிடிச்சுக்கும், ஸ்க்ரூவே கிடையாது. ஃபேக்டரிக்கு வேகமான வேலை. ஆனா வருஷக்கணக்கா லோடு ஏறி இறங்கி சூடாகி ஆறி அந்தப் பிடி தளரும். 1500 வாட் ரூம் ஹீட்டர் 120 வோல்ட்ல 12.5 ஆம்பியர் இழுக்கும், தளர்ந்த ஜாயிண்ட்ல அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே அந்த ஒரு இடத்துல மட்டும் சுமார் 78 வாட் சூடு, சுவருக்குள்ள ஒரு சோல்டரிங் அயர்னை ஆன்ல வச்ச மாதிரி. வோல்டேஜ் குறையறது வெறும் 6 வோல்ட்தான், பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தா அந்த பாயிண்ட்டை திரும்ப அமுக்கிப் பிரயோஜனம் இல்ல, பாக்ஸ் வச்சு ஸ்க்ரூ டைப் மாத்தறதுதான் சரி. 1970 பக்கம் செஞ்ச பழைய மொபைல் ஹோம்ல அலுமினியம் வயரா இருந்தா கையே வைக்காதீங்க, தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

டபுள் வைட்னு ரெண்டு பாதியா வந்து சேர்ற வீடுன்னா இன்னொரு சந்தேக இடம் உண்டு: ஒரு பாதியில இருந்து அடுத்த பாதிக்கு வயர் தாண்டற கிராஸ்ஓவர் ஜாயிண்ட். அது ஃபேக்டரியில போட்டதில்ல, வீட்டை இறக்கின அன்னிக்கு போட்டது, பெரும்பாலும் தரைக்கு அடியில, ஈரமும் எலியும் போற இடத்துல. வீட்டோட ஒரு பக்க ரூமெல்லாம் சேர்ந்தாப்ல போச்சுன்னா முதல்ல அங்க பாருங்க.

சில நேரம் டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் மினுக்கும், ஆனா லைட் எரியாது. ஹாட் வந்துட்டுதான் இருக்கு, நியூட்ரல்தான் விட்டுப்போச்சு, ஆன்ல இருக்கற ஏதோ ஒரு பல்பு வழியா 120 வோல்ட் செத்த நியூட்ரலுக்கும் வந்து நிக்குது. கரண்ட் இல்லையேன்னு அந்த நியூட்ரலைத் தொட்டா ஷாக்தான்.

ரூம் ரூமா இல்லாம வீட்டுல பாதி போயி, எலக்ட்ரிக் ஸ்டவ்வைப் போட்டா மட்டும் செத்த பக்கத்து லைட் மங்கலா எரியுதா? அங்க வீட்டுக்கு வர்றது ரெண்டு 120 வோல்ட் லைன், அதுல ஒண்ணு வரல. ஸ்டவ் 240 வோல்ட்டுக்கு ரெண்டையும் சேர்த்து கட்டியிருக்கறதால, உயிரோட இருக்கற லைன் ஸ்டவ் காயில் வழியா மத்த பக்கத்துக்குப் போகுது. இது பெரும்பாலும் மெயின், மீட்டர் பக்கக் கோளாறு, கரண்ட் கம்பெனியைக் கூப்பிடுங்க.

ஒரு பக்கம் லைட் மங்கி மறு பக்கம் பளிச்சுன்னு ஏறினா யோசிக்காம மெயினை ஆஃப் பண்ணுங்க, போனது மெயின் நியூட்ரல். ஒரு லைன்ல 1200 வாட் ஹீட்டரும் இன்னொரு லைன்ல ஒரு 60 வாட் பல்பும் மட்டும் ஓடிட்டிருந்தா, நடுவுல நியூட்ரல் இல்லாததால ரெண்டும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே வரிசையா மாட்டின மாதிரி ஆகி, பல்பு தலையில கிட்டத்தட்ட 228 வோல்ட் விழும். இந்த வீட்டுல சேஸிஸ் இரும்பு எர்த்தோட கட்டியிருக்கறதால பேனல்ல எர்த்தும் நியூட்ரலும் தனித்தனியாதான் இருக்கணும், யாரோ ரெண்டையும் சேர்த்துக் கட்டி வச்சிருந்தா அந்த நியூட்ரல் போன நேரம் வெளி அலுமினியச் சுவர் வரைக்கும் வோல்டேஜ் ஏறலாம். ஈரத்தரையில நின்னு கதவைத் தொடும்போது சுருக்குன்னா ரூம் தேடற வேலையை அப்படியே நிறுத்திட்டு, எல்லாரும் வீட்டை விட்டுத் தள்ளி நின்னு கம்பெனிக்கு போன் போடுங்க.