ஒவ்வொரு முறையும் அதே உலகம்

காலையில் தேறிய சோதனை மாலையில் தோற்கிறது. இடையில் யாரும் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. இணையச் செயலிகளுக்குத் தானியங்கிச் சோதனை (ஆள் இல்லாமல் தானே உலாவியை இயக்கிச் செயலியைச் சரிபார்க்கும் நிரல்) எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த எரிச்சலைக் கடந்துதான் வந்திருப்பார்கள். 2016இல் கூகுள் தன் சோதனைகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டது. சுமார் 16 சதவீதச் சோதனைகள், நிரல் மாறாமலே சில நேரம் தேறி, சில நேரம் தோற்பவை என்றது அது.

பொத்தானை அழுத்த ஆள் தேவையில்லை என்பதில் பெரிய மாயம் எதுவும் இல்லை. 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம் என்ற சோதனைக் கருவி அதைத்தான் செய்தது. போட்டி நிறுவனமொன்றின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்கு மாற்று செலினியம் என்ற கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது. முதல் செலினியம் பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட்டாக நுழைந்து வேலை பார்த்தது. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தைத் தொடக்கூடாது என்பது உலாவியின் காவல் விதி. அதனால் செலினியத்துக்குக் கை கட்டப்பட்டிருந்தது. பின்னால் வந்த வெப்டிரைவர் என்ற கருவி, உலாவியை வெளியிலிருந்து ஓட்டியது. சோதனை நிரல் "இந்தப் பொத்தானை அழுத்து" என்று ஒரு எச்டிடிபி (இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் அதே வழிமுறை) கோரிக்கை அனுப்பும். நடுவில் இருக்கும் டிரைவர் என்ற சிறு நிரல் அதை வாங்கி உலாவியிடம் சொல்லும். 2018இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு இதைத் தரநிலையாக்கியது. திரையும் தேவையில்லை; 2017 முதல் குரோம் உலாவி திரை இல்லாமலே ஓடும்.

உண்மையான சிக்கல் காத்திருப்பதில் தொடங்குகிறது. 'சேமி' பொத்தானை அழுத்தியதும் பதில் வர 200 மில்லிவிநாடி ஆகலாம், 2 விநாடியும் ஆகலாம். மனிதர் இயல்பாகவே பொறுத்திருப்பார். நிரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அடுத்த வரிக்குத் தாவி, இன்னும் வராத செய்தியைத் தேடி, "இல்லை" என்று தோற்றுவிடும். புதியவர்கள் உடனே "3 விநாடி தூங்கு" என்று எழுதிவைப்பார்கள். 400 சோதனைகளில் தலா மூன்று இடங்களில் இப்படித் தூங்கினால், தூக்கம் மட்டுமே ஒரு மணி நேரம். அப்படியும் நான்காவது விநாடியில் வரும் பதில் தப்பிவிடும். நிபந்தனை வைத்துக் காத்திருப்பதே முறை: அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார், வந்துவிட்டால் உடனே நகர், 10 விநாடியாகியும் வராவிட்டால் தோற்றதாக அறிவி. 2020இல் வந்த பிளேரைட் என்ற சோதனைக் கருவி இதைத் தானே செய்கிறது. பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, வேறெதுவும் அதை மறைத்திருக்கிறதா என்று பார்க்கும். திரை அடுத்தடுத்து வரையப்படும் இரண்டு அசைவுச் சட்டங்களில் (ஃபிரேம்) அது ஒரே இடத்தில் நின்ற பிறகே அழுத்தும். வழுக்கிக்கொண்டே உள்ளே வரும் பொத்தான்களிடம் ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது தரவுத்தளம். நேற்றைய ஓட்டத்தில் பதிவு செய்த பயனர் இன்றும் அங்கே உட்கார்ந்திருந்தால், "இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது" என்ற பதில்தான் வரும். உலாவி இல்லாத சிறு சோதனைகளில் ஓர் அழகான தந்திரம் உண்டு: பரிவர்த்தனை (மொத்தமாக ஏற்கவோ மொத்தமாக ரத்து செய்யவோ கூடிய தரவுத்தள மாற்றங்களின் தொகுப்பு) ஒன்றைத் தொடங்கி, எல்லாவற்றையும் எழுதி, முடிவில் உறுதிசெய்யாமல் திரும்பப் பெறுவது. சுவடே இருக்காது. உலாவிச் சோதனையில் இது பலிக்காது. சோதனை ஓர் இணைப்பில் எழுதுகிறது, சர்வர் இன்னோர் இணைப்பில் படிக்கிறது; உறுதிசெய்யாத தரவு சர்வரின் கண்ணில் படாது. எனவே அட்டவணைகளை உண்மையாகவே துடைக்க வேண்டும், அல்லது கண்டெய்னரில் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) ஒவ்வொரு முறையும் புதிய தரவுத்தளத்தை எழுப்ப வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். உலாவி, டிரைவர் இரண்டின் பதிப்புகளையும் அதே கண்டெய்னரில் பூட்டிவைக்கலாம். உலாவி ஓசைப்படாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு டிரைவரோடு ஒத்துப்போகாமல் நிற்பது குறையும்.

கடிகாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிரலாளரின் கணினி உள்ளூர் நேரத்தில் ஓடும், சோதனைச் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும். "இன்றைய பதிவுகள்" பக்கத்துக்கான சோதனை, நாளின் சில மணி நேரங்களில் மட்டும் தோற்கும் மர்மம் இதனால்தான். சோதனைக்குள் நேரத்தை ஒரு கணத்தில் உறையவைத்துவிட்டால் மர்மம் தீரும்.

பணம் செலுத்தும் சேவை, குறுஞ்செய்திச் சேவை போன்ற வெளியார் இருக்குமிடத்தில் ஒரு போலிச் சர்வரை நிறுத்துவது வழக்கம். ஆனால் உண்மைச் சேவை தன் பதிலின் வடிவத்தை மாற்றிக்கொண்டாலும் போலி பழைய பாடத்தையே ஒப்பிக்கும். அவ்வப்போது உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்காத போலி ஆபத்தானது.

தோற்றால் மறுபடி ஓட்டு என்ற வசதி பல கருவிகளில் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. அதற்குப் பதில், தோற்ற கணத்தில் திரை இருந்த நிலையைப் படமாகச் (ஸ்கிரீன்ஷாட்) சேமிக்கச் சொல்லுங்கள். திரையில்லாக் குரோமின் சாளரம் வழக்கமாக 800க்கு 600 என்ற சிறிய அளவில்தான் திறக்கும். அந்தப் படத்தில், குக்கீ அனுமதி கேட்கும் பட்டை 'சேமி' பொத்தானின் மேல் ஏறி நிற்பது தெரியலாம். அப்படியானால் சோதனை தோற்றது சரிதான்: சின்னத் திரை வைத்திருக்கும் பயனருக்கும் அந்தப் பொத்தான் எட்டாது.