விசில் சத்தம் கேக்குது, கூர்க்கா எங்கப்பா?

இந்த மாசத்துல வாட்ச்டாக் விஷயத்துல இது மூணாவது கேஸ். வாட்ச்டாக்னா காவல் நாய் மாதிரி ஒரு டைமர், ப்ரோகிராம் அப்பப்போ அதுல எழுதி 'தீனி' போட்டுட்டே இருக்கணும், தீனி நின்னா போர்டை ரீசெட் பண்ணிடும். அதான் ராத்திரி பதினொன்றரைக்கு உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன், எழுத்துல எரிச்சல் தெரிஞ்சா பொறுத்துக்கோங்க.

ஒரு பம்ப் ஹவுஸ்ல மாட்டின லினக்ஸ் பாக்ஸ். மீட்டர் ரீடிங்கை ஆர்எஸ் 485ங்கற சீரியல் வயர் வழியா எடுத்து சிம் கார்டு மூலமா சர்வருக்கு அனுப்பணும், அவ்ளோதான் அதோட வேலை. 9 நாளா டேட்டா வரல. எல்இடி மின்னுது, பிங் போட்டா, அதாவது நெட்வொர்க்ல இருக்கியான்னு கேட்டா, பதில் வருது (பிங்குக்கு பதில் சொல்றது லினக்ஸோட மையமான கெர்னலே, உங்க ப்ரோகிராம் செத்து ஒரு வாரம் ஆனாலும் அது பாட்டுக்கு பதில் சொல்லும், இதை தயவுசெஞ்சு உயிர் இருக்குங்கறதுக்கு சாட்சியா எடுக்காதீங்க). கடைசியில ஒரு பையன் பைக்ல 70 கிலோமீட்டர் போய் பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வந்தான், உடனே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அப்புறம் எனக்கு போன். "சார், வாட்ச்டாக் எனேபிள் பண்ணித்தானே வெச்சிருக்கோம், அது ஏன் ரீசெட் பண்ணல?"

கோடை வாங்கி பாத்தேன். நினைச்ச மாதிரியே தனியா ஒரு த்ரெட், அதாவது ப்ரோகிராமுக்குள்ள மத்ததோட சேந்து தனியா ஓடுற ஒரு வேலை. 5 செகண்டுக்கு ஒரு தடவை எழுந்திரிச்சு வாட்ச்டாக் டிவைஸ்ல ஒரு பைட் எழுதிட்டு மறுபடியும் தூங்கப் போயிடும், வேற எந்த வேலையும் அதுக்கு கிடையாது. மீட்டரை படிக்கிற த்ரெட் சீரியல் போர்ட்ல ரீட் போட்டு, டைம்அவுட் வெக்காம, வராத பதிலுக்கு 9 நாளா காத்துட்டு நிக்குது.

நம்ம தெருவுல கூர்க்கா ராத்திரி விசில் ஊதிட்டு போவாருல்ல, அந்த சத்தம் கேட்டா நாம நிம்மதியா திரும்பிப் படுப்போம், ஏன்னா அவர் தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வர்றாருன்னு அந்த சத்தத்துக்கு அர்த்தம். இப்போ ஒரு பையனை முக்குல உக்கார வெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதுடான்னு சொல்லிட்டா? கூர்க்கா டீக்கடை பெஞ்சுல குறட்டை விட்டாலும் விசில் கேக்கும். நீங்க எழுதின த்ரெட் அந்தப் பையன்தான். திருடன் வந்து பைக்கை தள்ளிட்டு போறப்பவும் டாண்ணு ஊதிட்டு இருப்பான். ப்ரோகிராம் ஹேங் ஆனாலும் வாட்ச்டாக்குக்கு தீனி போயிட்டே இருக்கணும்னு நீங்களே உக்காந்து ஏற்பாடு பண்ணிட்டு, அது ஏன் குரைக்கலன்னு என்கிட்ட கேக்குறீங்க.

தனி த்ரெட் தப்பில்ல, அது என்ன பாத்துட்டு எழுதுதுங்கறதுதான் விஷயம். மீட்டர் த்ரெட் ஒரு ரவுண்டு முழுசா முடிச்சா தன்னோட கவுன்டரை ஏத்தணும், சர்வருக்கு அனுப்புற த்ரெட் தன்னோடதை ஏத்தணும், எல்லாம் ஏறியிருக்கான்னு பாத்துட்டுதான் அந்த ஒரு பைட்டை எழுதணும். ஒண்ணு நின்னாலும் எழுதக்கூடாது. டைமர் இன்டரப்ட்ல வெச்சு தீனி போடுறவங்களுக்கும், க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டி விடுறது) ஸ்கிரிப்ட் போட்டு தீனி போடுறவங்களுக்கும் இதே பேச்சுதான், ஆமா க்ரான்ல போட்டதையும் நான் பாத்திருக்கேன்.

அடுத்து சில பேர் சொல்றது, "சிஸ்டம்டில ரன்டைம் வாட்ச்டாக்கை ஆன் பண்ணிட்டோம், அது பாத்துக்கும்". (சிஸ்டம்டிதான் லினக்ஸ்ல முதல்ல எழுந்து மத்த சர்வீஸை எல்லாம் ஓட்டுறது.) எதை பாத்துக்கும்? அங்க தீனி போடுறது முதல் ப்ராசஸ். கெர்னலும் அந்த ஒரு ப்ராசஸும் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அது காட்டும், உங்க சர்வீஸ் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. சர்வீஸ் ஃபைல்ல தனியா வாட்ச்டாக் செக் போட்டு, ப்ரோகிராம்ல இருந்து நோட்டிஃபை அனுப்பணும். வரலைன்னா சிஸ்டம்டி அதைக் கொல்லும். கொன்னுட்டு அப்படியே விட்டுடும், ரீஸ்டார்ட் வரியும் சேத்துப் போட்டாதான் திரும்ப எழுப்பும்! இதுல இன்னொரு குழி இருக்கு. திரும்பத் திரும்ப செத்தா போர்டையே ரீபூட் பண்ணுன்னு ஸ்டார்ட் லிமிட்ல (இத்தனை நேரத்துல இத்தனை ஸ்டார்ட்தான்ங்கற வரம்பு) சொல்லலாம், ஆனா டீஃபால்ட் கணக்கு 10 செகண்டுக்குள்ள 5 ஸ்டார்ட். உங்க வாட்ச்டாக் 30 செகண்டுன்னா ஒவ்வொரு சாவுக்கும் நடுவுல 30 செகண்டு போயிடும், அந்த லிமிட்டை ஜென்மத்துக்கும் தொடாது. இன்டர்வலை பத்து நிமிஷம் மாதிரி அகலமா வைங்க.

மத்த ரெண்டு கேஸும் சின்னதுதான். ஒருத்தர் கெர்னல் செட்டிங்ல கெர்னல் டாட் வாட்ச்டாக் 1ன்னு இருக்குறதைக் காட்டி ஹார்டுவேர் வாட்ச்டாக் ஆன்ல இருக்குன்னு சாதிச்சாரு. பேர்தான் ஒண்ணு, ஆள் வேற. அது சிபியு எங்கயாவது சிக்கி நிக்குதான்னு பாக்குற லாக்கப் டிடெக்டர், சாஃப்ட் லாக்கப்னா 20 செகண்டு கழிச்சு லாக்ல திட்டும், பேனிக் ஆகச் சொல்லி, அதாவது கெர்னல் இனி முடியாதுன்னு கையைத் தூக்கச் சொல்லி, நீங்க செட் பண்ணலைன்னா திட்டுறதோட சரி. அப்படியே பேனிக் ஆனாலும் கெர்னல் டாட் பேனிக் 0ல இருந்தா அங்கயே கல்லு மாதிரி நிக்கும். அதை 10ன்னு மாத்தினா 10 செகண்டு கழிச்சு ரீபூட் ஆகும், ஒரு வரி போதும், மாத்துங்க.

இன்னொருத்தர் பாக்ஸ்ல ஹார்டுவேர் டிரைவர் கெர்னல்ல கம்பைலே ஆகல, சாஃப்ட்டாக் லோடு ஆகியிருக்கு. டெவ் ஃபோல்டர்ல வாட்ச்டாக் ஃபைல் இருக்கு, எழுதினா எர்ரர் வரல, எல்லாரும் சந்தோஷம். சாஃப்ட்டாக்ங்கறது கெர்னலுக்குள்ளயே ஓடுற டைமர். கெர்னல் முழுசா உறைஞ்சா அதுவும் சேந்து உறையும். சிஸ் ஃபோல்டர்ல கிளாஸ் வாட்ச்டாக் கீழ ஐடென்டிட்டின்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க, சாஃப்ட்வேர் வாட்ச்டாக்னு வந்தா உங்ககிட்ட இருக்குறது நாய் படம் போட்ட போர்டு மட்டும்தான்.

1994ல நிலாவை சுத்தப் போன கிளமென்டைன் விண்கலம் இதே கதைதான். ஹார்டுவேர்ல வாட்ச்டாக் வசதி இருந்துச்சு, சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்தல. மே மாசம் கம்ப்யூட்டர் தாறுமாறா போய், த்ரஸ்டர் எரிஞ்சே எரிபொருளைத் தீத்து, கலம் பம்பரமா சுத்த ஆரம்பிச்சிடுச்சு. அடுத்து போக வேண்டிய ஜியோகிராஃபோஸ் சிறுகோள் பயணம் கோவிந்தா.

செட்டிங்ஸ் பத்தி வேகமா சொல்லிடறேன். நோவேஅவுட்டை, அதாவது ஓட ஆரம்பிச்ச வாட்ச்டாக்கை நிறுத்த விடாத செட்டிங்கை, ஆன்ல வைங்க. இல்லைன்னா சில டிரைவர்ல உங்க டீமன் (பின்னாடி ஓடிட்டு இருக்குற ப்ரோகிராம்) கிராஷ் ஆகி ஃபைல் க்ளோஸ் ஆனாலே டைமர் நின்னுடும், அதாவது எப்போ வேணுமோ கரெக்டா அப்போ இருக்காது. மேஜிக் க்ளோஸ் இருக்குற டிரைவர்ல பெரிய வி எழுத்தை எழுதிட்டு க்ளோஸ் பண்ணாதான் நிக்கும், அது பரவாயில்ல. டெவலப் பண்றப்போ மட்டும் வாட்ச்டாக்கையே ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லைன்னா டீபக்கர்ல ப்ரேக்பாயின்ட் வெச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்தா போர்டு ரீபூட் ஆகியிருக்கும். டைம்அவுட்டை இஷ்டத்துக்கு 60, 120ன்னு போடாதீங்க, ராஸ்பெர்ரி பை ஹார்டுவேர் டைமர் கிட்டத்தட்ட 15 செகண்டுதான் எண்ணும், பழைய கெர்னல்ல அதுக்கு மேல கேட்டா எர்ரர்தான் வரும், நீங்க அந்த லாக்கைப் பாத்திருக்க மாட்டீங்க. கெர்னலை லோடு பண்ற பூட்லோடர்லயே டைமரை ஸ்டார்ட் பண்றது நல்லதுதான், ஆனா கெர்னல் டிரைவர் லோடு ஆகறதுக்குள்ள டைம் தீந்துச்சுன்னா போர்டு விடிய விடிய ரீபூட் ஆகிட்டே இருக்கும்.

ரீசெட் ஆனப்புறம் ஏன் ஆச்சுன்னு பாருங்கப்பா, கெஞ்சிக் கேக்குறேன். கடைசி ரீசெட் வாட்ச்டாக்கால வந்துச்சான்னு சொல்ற பூட் ஸ்டேட்டஸைப் படிச்சு ஒவ்வொரு பூட்லயும் லாக்ல ஒரு வரி எழுதுங்க. வாட்ச்டாக் இருக்குங்கற தைரியத்துல பக்கை அப்படியே விட்டு, ஒரு நாளைக்கு 14 தடவை ரீபூட் ஆகி, டேட்டாபேஸ் கரப்ட் ஆகி வந்த பாக்ஸும் என் டேபிள்ல இருந்திருக்கு.

அனுப்புறதுக்கு முன்னாடி கொன்னு பாருங்க. இந்த டெஸ்டுக்கு மட்டும் கெர்னல் டாட் பேனிக்கை 0ல வெச்சுட்டு சிஸ்ஆர்க்யூ டிரிகர் ஃபைல்ல சி எழுதுங்க, கெர்னல் வேணும்னே கிராஷ் ஆகும், ஹார்டுவேரே ரீசெட் பண்ணுதான்னு தெரியும். அப்புறம் மெயின் ப்ராசஸுக்கு, அதை அப்படியே உறைய வைக்கிற ஸ்டாப் சிக்னல் அனுப்புங்க. கடைசியா மீட்டர் வயரைப் பிடுங்குங்க, இதுக்கு ரீபூட் ஆகக்கூடாது, மீட்டர் இல்லைன்னு சர்வருக்கு எர்ரர் அனுப்பணும். அந்த பம்ப் ஹவுஸ் பாக்ஸை மாத்தி எழுதி இன்னைக்கு சாயங்காலம் இந்த மூணையும் பண்ணோம், முதல் தடவை வயரைப் பிடுங்கினதும் ரீபூட் ஆயிடுச்சு, நாளைக்கு காலையில அதை உக்காந்து பாக்கணும்.