நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மன்னார்குடியில் அக்கா வீட்டு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த அவளுடைய ஐந்து வயது மகள், கட்டத்தின் நடுவே சட்டென்று குந்தினாள். ஒரு குதிகாலை மடக்கி அதன்மேல் உடம்பை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். சில்லை எடுக்கத்தான் குந்துகிறாள் என்று அக்கா நினைத்திருந்தாள். உண்மையில் அவள் ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் மட்டும் மூன்று முறை அவளுக்குக் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் ‘சூடு’ என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, இளநீர் கொடுத்து, அதற்கும் அடங்காமல் டாக்டரிடம் ஓடினார்கள்.

காரணம் சூடு அல்ல, கிருமி. பெரும்பாலும் ஈ.கோலை. 1885-ல் தியோடர் எஷரிக் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டுபிடித்துச் சொன்ன பாக்டீரியா இது. நம் எல்லோர் குடலிலும் சாதுவாக இருக்கும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குட்டையானது என்பதால் அது சுலபமாக மேலேறிவிடும். ஆனால் ஏறும் கிருமியையெல்லாம் ஒவ்வொரு முறை ஒண்ணுக்குப் போகும்போதும் உடம்பு அடித்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே கிருமி எப்படி உள்ளே வந்தது என்பதைவிட, ஏன் வெளியே போகவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

அடக்கினால் சிறுநீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். மெல்லிய மயிரிழைகளால் சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் பற்றிக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 180 மி.லி. கொள்ளும், வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்குவது டாக்டர்களின் கணக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை தாங்குகிறாள். பள்ளிக் கழிப்பறையில் கால் வைக்க முடியாது என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வரும். இதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதிகம் பேர் கவனிக்காதது மலச்சிக்கல். சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டு வீங்கினால் பையை நெருக்கும். பை முழுதாகக் காலியாகாது, அடியில் கொஞ்சம் மிஞ்சும். ‘தினமும்தான் போகிறாளே’ என்றாள் அக்கா. தினமும் போனாலும் ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டையாகப் போனாலோ, ஜட்டியில் கறை பட்டாலோ அது சிக்கல்தான். மலச்சிக்கலைச் சரிசெய்ததும் நீர்க்கடுப்பு நின்றுபோன குழந்தைகள் நிறைய. கீரை, கொய்யா, பனங்கிழங்கு உதவும். நாள்பட்டது என்றால் டாக்டர் தரும் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும். நாகப்பட்டினம் பக்கம் ஆறு கடலில் சேருமுன் ரெகுலேட்டர் என்று கதவு வைத்த தடுப்பு கட்டியிருப்பார்கள். ஆற்றுத் தண்ணீர் வெளியே போகலாம். ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயும் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது சுவர் அழுந்தி அதை மூடிவிடும். சுவருக்குள் ஓடும் அந்தத் துண்டு குட்டையாக இருந்தால் கதவு சரியாக மூடாது. கிருமியோடு சிறுநீர் சிறுநீரகத்துக்கே திரும்பும், அங்கே தழும்பு விழலாம். லேசான குறை பிள்ளை வளர வளரப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இப்படிப்பட்ட 607 குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் தினசரி குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2014-ல் வெளியானது. தொற்று பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடின. அதனால் இதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது சாதாரண வேலைதான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டு, மூன்று மணிக்கொருமுறை ஒண்ணுக்குப் போகச் சொல்ல வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் இடுப்புத் தசை இறுகிப் பை காலியாகாது. அக்கா பாட்டியின் பழைய மணையைக் காலுக்கடியில் போட்டாள். ஜட்டியை முழங்காலில் நிறுத்தாமல் கழற்றிவிட்டால் கால் அகலும். முடித்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து மறுபடி முயன்றால் மிச்சமும் வரும். கழுவும்போது கை முன்னிருந்து பின்னால் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு காய்ச்சல் வந்தால், அதுவும் சளி இருமல் இல்லாமல் வந்தால், ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுக்கும் முன்பே சிறுநீரைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று கண்டுபிடிப்பது கடினம்.