எம்.பி. கடிதத்துக்குப் பதில் வர எத்தனை நாள்?

ஊர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று எம்.பி.யிடம் மனு கொடுக்கிறோம். அவரும் லெட்டர்பேடில் ரயில்வேக்கு எழுதி, நகல் ஒன்றை நம் கையில் தருகிறார். அது சட்டைப்பையில் மடிப்பு விட்டுக் கிழிகிற வரைக்கும் பதில் வருவதில்லை. இதற்கெல்லாம் கெடு உண்டா?

உண்டு. மத்திய பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 2011 டிசம்பர் 1-ல் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எம்.பி.யின் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ‘கடிதம் கிடைத்தது’ என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை போனதிலிருந்து அடுத்த 15 நாளுக்குள் பதில். ஜூன் 1-ல் கடிதம் சேர்ந்தால், எப்படி இழுத்தாலும் ஜூலை 1-ல் பதில் கிளம்பியாக வேண்டும். அதற்கு மேல் ஆகும் என்றால் இடைக்கால பதில் போக வேண்டும். வெறுமனே ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் போதாது. முழுப் பதில் எப்போது வரக்கூடும் என்ற தேதியும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தேதிதான் பெரும்பாலும் காணாமல் போகிறது!

அமைச்சருக்கு எழுதிய கடிதம் என்றால், முடிந்தவரை அமைச்சரே பதில் எழுத வேண்டும். மற்றபடி சார்புச் செயலாளர் (அண்டர் செக்ரட்டரி) நிலைக்குக் கீழே உள்ளவர் கையெழுத்துப் போடக் கூடாது.

இதெல்லாம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு. பதில் தரத்தான் கெடு, கேட்டதைச் செய்து தர அல்ல. ‘நிறுத்தம் தர இயலாது’ என்பதும் பதில்தான். அந்தப் பதிலும் எம்.பி.க்குத்தான் போகும், நமக்கு வராது. அதனால் முதலில் அவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பதில் வந்து அங்கேயே கிடப்பதும் நடக்கிறது.

அங்கும் வரவில்லையா? கெடு தாண்டினால் அபராதம் என்று இந்த வழிகாட்டுதலில் எதுவும் இல்லை. அபராதம் உள்ள இடம் தகவல் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் தகவல் ஆணையம் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மனுவில் ‘ஏன் பதில் தரவில்லை’ என்று சண்டை பிடிக்க வேண்டாம். கடித எண், தேதியைக் குறிப்பிட்டு, ஒப்புகை என்று அனுப்பப்பட்டது, கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் உள்ளது என்று கேளுங்கள். கோப்புக் குறிப்புகளின் நகலையும் கேட்கலாம்.